மருத்துவக் காரணமா, கடன் காரணமா?

2001 ஜூனில் பிரிட்டனில் பொதுத்தேர்தல். டோனி பிளேரின் தொழிற்கட்சி நாடெங்கும் அள்ளிக்கொண்டு போனது. அந்த அலையிலும் அக்கட்சியின் இணை அமைச்சர் ஒருவர் வயர் ஃபாரஸ்ட் தொகுதியில் மண்ணைக் கவ்வினார். அவரைத் தோற்கடித்தவர் ரிச்சர்ட் டெய்லர் என்ற 66 வயது ஓய்வுபெற்ற மருத்துவர், சுயேச்சை. வாக்கு வித்தியாசம் 17,630. அவர் ஊர் ஊராகக் கொண்டுபோன கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: 2000 செப்டம்பரில் மூடப்பட்ட கிடர்மின்ஸ்டர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவை மறுபடி திறக்க வேண்டும்.

திறக்கவில்லை. 2005இலும் அவர் வென்றார், 2010இல்தான் தோற்றார். ஒன்பது ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்தும் அந்தப் பிரிவு திரும்பி வரவில்லை. சிறு காயங்களுக்கான பிரிவும் நாள் அறுவை சிகிச்சைகளுக்கான மையமும் ஊருக்கு மிஞ்சின. உயிருக்குப் போராடும் நோயாளி சுமார் 24 கிலோமீட்டர் தள்ளி வூஸ்டருக்குத்தான் போக வேண்டும். ஓர் ஊரே திரண்டு நின்றும் இந்த முடிவு. இத்தனைக்கும் இதே காலத்தில் வேறு சில ஊர்கள் வென்றிருக்கின்றன. எது வென்றது, எது தோற்றது, வென்றதும் தோற்றதும் நியாயம்தானா என்பதே இங்கே கேள்வி.

பிரிட்டன் மக்கள் உள்ளூர் மருத்துவமனையை அரசுக் கட்டடமாக மட்டும் பார்ப்பதில்லை. அதற்கு வரலாறு உண்டு. 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோது, அதுவரை தர்மப் பணத்திலும் ஊர்ச் சந்தாவிலும் நடந்துவந்த மருத்துவமனைகளை அரசு ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் நினைவாகச் சிலைக்குப் பதில் மருத்துவமனை கட்டிய ஊர்கள் பல. பான்பரியின் ஹார்ட்டன் மருத்துவமனை 1872இல் ஒரு குடும்பத்தின் கொடையில் எழுந்தது. 'எங்கள் பாட்டனார் கொடுத்த காசு' என்று அங்கே ஒருவர் பேசினால் அது மேடைப் பேச்சு மட்டுமல்ல.

அரசின் கணக்கு வேறு. 1962இல் சுகாதார அமைச்சராக இருந்த ஈனக் பவல் வெளியிட்ட மருத்துவமனைத் திட்டம், சிறிய மருத்துவமனைகள் பலவற்றுக்குப் பதிலாக, ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் மக்களுக்கு 600 முதல் 800 படுக்கைகள் கொண்ட மாவட்டப் பொது மருத்துவமனை ஒன்று என்று வகுத்தது. பெரிதாக்கு, ஒன்றாக்கு என்ற போக்கு அன்றிலிருந்து நிற்கவே இல்லை. கட்சிகள் மாறின, போக்கு மாறவில்லை. 2009 ஆகஸ்டு முதல் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரம் வாரத்துக்கு 48 மணி என்று ஐரோப்பிய விதி கட்டுப்படுத்தியது. இரவும் பகலும் ஒரு பிரிவை நடத்த முன்பைவிட அதிக மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். சிறிய ஊர்களுக்கு வரச் சம்மதிக்கும் மருத்துவர்களோ குறைந்துகொண்டே போனார்கள்.

சேவைகளை ஒன்றுசேர்ப்பதில் மருத்துவ நியாயம் இருக்கிறதா? சில நோய்களுக்குக் கட்டாயம் இருக்கிறது. லண்டனில் பக்கவாத நோயாளிகளைச் சுமார் முப்பது மருத்துவமனைகள் பார்த்துக்கொண்டிருந்தன. 2010இல் அவசரக் கட்டச் சிகிச்சையை எட்டே மையங்களுக்கு மாற்றினார்கள். ஆம்புலன்ஸ் அருகிலிருக்கும் மருத்துவமனையைத் தாண்டிப் போகும். ஆனால் போய்ச் சேரும் இடத்தில் ஸ்கேனும் நிபுணரும் இருபத்துநாலு மணி நேரமும் தயார். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, இந்த மாற்றத்துக்குப் பிறகு லண்டனில் பக்கவாத இறப்புகள் நாட்டின் பிற பகுதிகளைவிடக் கூடுதலாகக் குறைந்தன என்று காட்டியது. 'பக்கத்தில் இருப்பதே பாதுகாப்பு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இந்த ஆய்வுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: லண்டன் மாற்றத்துக்குக் கூடுதல் பணம் ஒதுக்கினார்கள். அது சிக்கனத்துக்காகச் செய்த மாற்றம் அல்ல.

தூரம் ஒரு பொருட்டே இல்லையா என்றால், அதற்கும் ஆய்வு இருக்கிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஜான் நிக்கல் குழு 2007இல், உயிருக்கு ஆபத்தான நிலையில் ஆம்புலன்சில் கொண்டுபோகப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசியது. மருத்துவமனைத் தூரம் நேர்கோட்டில் 10 கிலோமீட்டர் கூடும்போது இறப்பு சுமார் ஒரு சதவீதப் புள்ளி கூடுவதாகக் கண்டது. மூச்சுத்திணறலோடு வருபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஊர்க்காரர்கள் இந்த ஆய்வைத்தான் கையில் எடுத்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போவார்கள். ஆனால் அதே பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, 2009க்கும் 2011க்கும் இடையே அவசரப் பிரிவை இழந்த ஐந்து ஊர்களை எடுத்துக்கொண்டது: நியூவார்க், ஹெமல் ஹெம்ஸ்டெட், பிஷப் ஆக்லாந்து, ஹார்ட்டில்பூல், ராச்டேல். இறப்புகள் கூடின என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. குறைந்தன என்பதற்கும் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் சேவையின் சுமை மட்டும் கூடியிருந்தது.

மூடினால் பேரழிவு என்று போராட்டக்காரர்கள் சொல்வதும், மூடினால் உயிர்கள் பிழைக்கும் என்று நிர்வாகிகள் சொல்வதும் பொதுவாகச் சொல்லும்போது இரண்டும் நிற்பதில்லை. எந்த நோய், எந்த ஊர், எத்தனை ஆம்புலன்ஸ், மாற்று மருத்துவமனையில் இடம் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது. அப்படிப் பார்க்கவிடாமல் செய்வது பெரும்பாலும் கடன். அதைப் புரிந்துகொள்ள லூயிஷம் கதையைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

லூயிஷம் தென்கிழக்கு லண்டனில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 2,76,000. ஈழத்தமிழர்களுக்குப் பழக்கமான இடம். லண்டன் சிவன் கோயில் இங்கேதான். லூயிஷம் மருத்துவமனை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. வரவுக்குள் செலவு, புதுப்பித்த அவசரப் பிரிவு, ஆண்டுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். நோய் இருந்தது பக்கத்து வீட்டில். வூல்விச், ப்ராம்லி, சிட்கப் மருத்துவமனைகளை 2009இல் ஒரே நிர்வாகமாக இணைத்துத் 'தென் லண்டன் ஹெல்த்கேர்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அவற்றில் வூல்விச், ப்ராம்லி கட்டடங்கள் இரண்டும் தனியார் முதலீட்டு ஒப்பந்தத்தில் எழுந்தவை. தனியார் கட்டிக் கொடுப்பார்கள்; மருத்துவமனை பல பத்தாண்டுகளுக்கு வட்டியும் பராமரிப்பும் சேர்த்துக் கட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பளுவோடு இந்த நிர்வாகம் வாரத்துக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்துகொண்டிருந்தது. 2012 ஜூலையில் அரசு அதற்குத் தனி நிர்வாகியை அமர்த்தியது. நாட்டில் இப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

அக்டோபர் கடைசியில் அவருடைய வரைவுத் திட்டம் வந்தது. கடனில் மூழ்கிய மருத்துவமனைகளைக் கரையேற்ற, கடனில்லாத லூயிஷம் தன் முழு அவசரப் பிரிவையும் மருத்துவர் தலைமையிலான பிரசவப் பிரிவையும் விட்டுக்கொடுக்க வேண்டும். நிலத்தின் பெரும்பகுதியை விற்கவும் வேண்டும். மக்கள் கருத்துச் சொல்ல முப்பது வேலை நாள். வெளியே தொங்கவிட்ட காரணம், சேவையை ஒன்றுசேர்த்தால் தரம் உயரும் என்பது. ஊர்க்காரர்களுக்கு இது விளங்காமல் போகுமா? பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய கடனுக்கு நம் வீட்டுக் கூரையைப் பிரிக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் புரிந்தது.

அந்த ஊரில் பிறகு நடந்ததை அமைப்புக் கலை என்றே சொல்லலாம். நவம்பர் மழையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்து கைகோத்து மருத்துவமனையைச் சுற்றி நின்றார்கள். கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் தனி அணியாகத் திரண்டார்கள். மில்வால் கால்பந்துக் கழகம் ஆதரவு தந்தது. கடைக்காரர்கள் ஜன்னலில் சுவரொட்டி ஒட்டினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இயக்கத்தின் தலைமையில் உள்ளூர்க் குடும்ப மருத்துவரான லூயிஸ் இர்வைன் இருந்தார். மருத்துவமனையின் மூத்த நிபுணர்கள் கூடவே நின்றார்கள். 'தரம் உயரும்' என்று நிர்வாகி சொன்னபோது, 'உயராது, எங்களிடம் கணக்கு இருக்கிறது' என்று அதே மொழியில் பதில் சொல்ல ஆள் இருந்தது. 2013 ஜனவரி 26 அன்று நடந்த பேரணிக்கு 25,000 பேர் வந்ததாக அமைப்பாளர்கள் கணக்கிட்டார்கள்.

ஐந்தே நாளில், ஜனவரி 31 அன்று, சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றி ஏற்றுக்கொண்டார். சிறிய அவசரப் பிரிவு ஒன்று இருக்கும், முழுப் பிரிவு இருக்காது.

பேரணி தோற்ற இடத்தில் வழக்கு வென்றது. லூயிஷம் நகராட்சியும் போராட்ட இயக்கமும் தனித்தனியே உயர் நீதிமன்றம் போயின. வாதம் எளியது. தனி நிர்வாகி தென் லண்டன் ஹெல்த்கேருக்காக அமர்த்தப்பட்டவர். லூயிஷம் அதன் பகுதியே அல்ல. வேறு நிர்வாகத்தின் மருத்துவமனையைக் குறைக்கச் சொல்ல அவருக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை. 2013 ஜூலை 31 அன்று நீதிபதி சில்பர் அதை ஏற்று, அமைச்சர் அதிகாரம் மீறினார் என்று தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. அக்டோபர் 29 அன்று அதுவும் தள்ளுபடி. லூயிஷமும் வூல்விச்சும் அதே இலையுதிர் காலத்தில் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இரண்டிலும் அவசரப் பிரிவு நீடித்தது. இர்வைன் 2015இலும் 2017இலும் ஹன்டின் சொந்தத் தொகுதியிலேயே அவரை எதிர்த்து நின்றார். இரண்டாம் முறை இரண்டாம் இடம் பிடித்தார்.

இந்த வெற்றியைக் கொண்டாடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மூடுவது சரியா தவறா என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. அமைச்சருக்கு அதிகாரம் உண்டா என்று மட்டுமே பார்த்தது.

ஸ்டாஃபர்ட் என்ற ஊரின் விஷயத்தில் ஊர்ப்பாசத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. 2005க்கும் 2009க்கும் இடையே அந்த மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட பாடு நாட்டையே உலுக்கியது. 2013 பிப்ரவரியில் வந்த ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை 290 பரிந்துரைகளை அடுக்கியது. உறவினரை இழந்த குடும்பங்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற விசாரணை அது. அறிக்கை வந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதே மருத்துவமனையைக் காப்பாற்ற ஏப்ரல் 20 அன்று ஊரே தெருவுக்கு வந்தது. வந்தவர்கள் 50,000 வரை இருக்கும் என்று செய்திகள் சொல்லின. ஊரின் மக்கள்தொகையே சுமார் 70,000தான். குறைகளை வெளியே கொண்டுவந்தவர்கள்மீது ஊருக்குள் வெறுப்பும் வசையும் விழுந்தன. தாயை அங்கே பறிகொடுத்த ஒருவர் ஊரை விட்டே போக நேர்ந்தது. மருத்துவமனைமேல் உள்ள பற்று மருத்துவமனையின் குற்றத்தை மறைக்கும் பற்றாக மாறினால் அது யாரையும் காப்பாற்றாது. லூயிஷத்தின் பெருமையைப் பேசும் கட்டுரைகள் ஸ்டாஃபர்டை ஓரங்கட்டிவிடுவது நேர்மையல்ல.

ஆனால் ஸ்டாஃபர்டுக்கு அரசு தந்த மருந்தும் சரியானதல்ல. 2011 டிசம்பரில் மருத்துவர் பற்றாக்குறையால் அவசரப் பிரிவை இரவு 10 முதல் காலை 8 வரை தற்காலிகமாக மூடுவதாகச் சொன்னார்கள். அந்த இரவுக் கதவு பிறகு திறக்கவே இல்லை. 2014இல் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து மக்கள் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் நிர்வாகம் கலைக்கப்பட்டு மருத்துவமனைக்குக் 'கவுன்டி' என்று புதுப்பெயர் வைத்தார்கள். 2015 ஜனவரியில் மருத்துவர் தலைமையிலான பிரசவப் பிரிவு ஸ்டோக்குக்குப் போனது.

'தற்காலிகம்' என்ற அறிவிப்பைக் கண்டால் ஊர்கள் அஞ்சுவதற்குப் பான்பரியும் காரணம். ஹார்ட்டன் மருத்துவமனையின் பிரசவப் பிரிவை ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாற்றும் திட்டத்தை 2008இல் சுயேச்சையான மறுசீரமைப்புக் குழு நிராகரித்தது, அமைச்சரும் ஏற்றார். ஊர் பட்டாசு வெடிக்காத குறை. எட்டு ஆண்டு கழித்து, 2016 அக்டோபரில், பிரசவ மருத்துவர்கள் கிடைக்கவில்லை என்று பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2017 டிசம்பரில் தோற்றது. கடைசியில் அதுவே நிரந்தரமானது. ஆணை வாங்கிவிடலாம், வேலைக்கு வர மருத்துவர் சம்மதிக்காவிட்டால் அந்த ஆணை எத்தனை நாளைக்கு? 2008இன் வெற்றிக்குப் பிறகு ஊரும் அரசும் செய்திருக்க வேண்டிய வேலை ஆள் சேர்ப்பதுதான். அது நடக்கவில்லை.

அரசியல்வாதிகளின் வாக்கை நம்பியவர்கள் கதை தனி. 2007இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரூன் வடக்கு லண்டனின் சேஸ் ஃபார்ம் உள்ளிட்ட மருத்துவமனைகளுக்காகக் கையுறை இல்லாமல் குத்துச்சண்டை போடுவேன் என்ற தொனியில் முழங்கினார். 2010 மேயில் ஆட்சிக்கு வந்ததும் அவருடைய சுகாதார அமைச்சர் அந்த மருத்துவமனை வாசலிலேயே நின்று மூடல்களை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். 2013 டிசம்பரில் சேஸ் ஃபார்ம் அவசரப் பிரிவு மூடப்பட்டது. அயர்லாந்தின் ரோஸ்காமனிலும் இதுவே. 2011 பிப்ரவரித் தேர்தலில் வாக்குறுதி, ஜூலையில் மூடல். இறப்பு விகிதத்தைக் காட்டி அமைச்சர் மூடலை நியாயப்படுத்த, அந்தக் கணக்கே சரியில்லை என்று சர்ச்சை கிளம்பியது. எதிர்த்து வாக்களித்த ஆளுங்கட்சி உறுப்பினர் டெனிஸ் நாட்டன் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். விதிவிலக்கும் உண்டு: ஸ்காட்லாந்தில் 2007இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, மாங்க்லாண்ட்ஸ், ஏர் ஆகிய இரண்டு அவசரப் பிரிவுகளை மூடும் முந்தைய முடிவைச் சொன்னபடியே ரத்து செய்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பிரிவுகள் அதுவரை மூடப்படவில்லை.

தெருவும் தேர்தலும் நீதிமன்றமும் தவிர நாலாவது வழி, உள்ளேயே உட்கார்ந்துவிடுவது. லண்டன் யூஸ்டன் சாலையில் பெண்களுக்காகப் பெண் மருத்துவர்களே நடத்திய எலிசபெத் கேரட் ஆண்டர்சன் மருத்துவமனையை மூட வந்தபோது, 1976 நவம்பரில் ஊழியர்கள் வெளியேற மறுத்துத் தொடர்ந்து வேலை பார்த்தார்கள். நோயாளி உள்ளே இருக்கும்வரை சம்பளம் கொடுக்க அரசுக்குக் கடமை உண்டு என்பதே அவர்களுடைய பலம். 1979இல் மருத்துவமனை பிழைத்தது. இதே உத்தியை 1977இல் ஹவுன்ஸ்லோவில் கையாண்டபோது நிர்வாகம் அக்டோபரில் திடீரென்று உள்ளே புகுந்து நோயாளிகளைத் தனியார் ஆம்புலன்சுகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாற்பது ஆண்டு கழித்து ஸ்வீடனின் சொல்லெஃப்டியோவில், பிரசவப் பிரிவு 2017 பிப்ரவரி 1 அன்று மூடப்படுவதற்கு முன்பே மக்கள் மருத்துவமனை முன்கூடத்தில் வந்து அமர்ந்தார்கள். முறை வைத்து ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். அடுத்த பிரசவ மருத்துவமனை நூறு கிலோமீட்டரை ஒட்டிய தொலைவில். வழியில், காரிலேயே, பனியில் குழந்தை பிறந்தால் என்ன செய்வது என்று தம்பதிகளுக்கு மருத்துவச்சிகள் பாடம் நடத்தினார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டில் இந்த வகுப்பு நடந்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின. பிரிவு திறக்கவில்லை.

அமெரிக்காவில் மூடுவதற்கு அமைச்சர்கூடத் தேவையில்லை. நடத்தும் நிறுவனம் முடிவெடுத்தால் போதும். 2010க்குப் பிறகு அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டுள்ளன. வட கரோலினாவின் பெல்ஹேவன் மருத்துவமனை 2014 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டு விரிவாக்கத்தை அந்த மாநிலம் அப்போது ஏற்க மறுத்திருந்தது. மறுத்தது நகர மேயர் ஆடம் ஓநீலின் சொந்தக் குடியரசுக் கட்சிதான். அவர் 273 மைல், அதாவது சுமார் 440 கிலோமீட்டர், நடந்தே வாஷிங்டன் போனார். கறுப்பின மக்களின் உரிமை இயக்கத் தலைவர் வில்லியம் பார்பர் அவரோடு சேர்ந்து குரல் கொடுத்தார். எதிரெதிர் முகாம்கள் ஒரு மருத்துவமனைக்காக ஒன்றாக நின்றது அரிய காட்சி. மருத்துவமனை திறக்கவில்லை.

இந்த ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் புலப்படுகின்றன. கதவு மூடும் முன் தொடங்கிய போராட்டத்துக்கே வாய்ப்பு. மூடிய கதவைத் திறக்க வைத்த ஊர் இங்கே ஒன்றுகூட இல்லை. மருத்துவர்கள் பக்கத்தில் நின்றால் வாதம் கனக்கிறது. சட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் பேரணியின் எண்ணிக்கையால் முடியாததைச் சாதித்தார்கள். பக்கவாதம் போன்றவற்றில் நிபுணர்கள் சொல்வதை ஏற்க மறுக்கும் ஊர் தன் மக்களுக்கே தீங்கு செய்கிறது. அதே நேரம், கடனை அடைக்கும் திட்டத்துக்கு மருத்துவச் சாயம் பூசும் அரசு, உண்மையான மருத்துவக் காரணத்தோடு நாளை வந்தாலும் யாரும் நம்பாத நிலையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இரண்டில் பெரிய பழி அரசுகளுக்கே. கணக்குப் புத்தகம் அவர்கள் கையில்தானே இருக்கிறது?

ஆகவே ஓர் ஊர் முதலில் கேட்க வேண்டியது 'மூடாதே' என்றல்ல. இரண்டு கணக்கைத் தனித்தனியே காட்டு என்றுதான். எந்த நோயாளிக்கு எவ்வளவு நன்மை என்ற மருத்துவக் கணக்கு ஒன்று. யாருடைய கடன், எந்த ஒப்பந்தத்தில் வந்தது, மூடினால் எவ்வளவு மிச்சம் என்ற பணக் கணக்கு மற்றொன்று. முதலாவது உறுதியாக இருந்தால், ஆம்புலன்சும் போக்குவரத்தும் ஏற்பாடு செய்யச் சொல்லிப் பேரம் பேசலாம். இரண்டாவது மட்டும் இருந்தால் எதிர்க்கலாம்.

அந்த எதிர்ப்புக்கான இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. லூயிஷம் தீர்ப்பு வந்த கையோடு, தனி நிர்வாகி பக்கத்து மருத்துவமனைகளையும் தொடும்படி அரசு சட்டத்தைத் திருத்தியது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தில் 120ஆம் பிரிவாக அது இருக்கிறது. 2024 ஜனவரி 31 முதல், இத்தகைய திட்டங்களை அமைச்சரின் முடிவுக்கு முறைப்படி அனுப்பும் உரிமையை உள்ளாட்சிகள் இழந்தன; அமைச்சர் விரும்பினால் தானே எடுத்து விசாரிக்கலாம், மக்கள் கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். லூயிஷம் மக்கள் 2013இல் எந்த வாதத்தால் வென்றார்களோ, அதே வாதத்தோடு இன்று நீதிமன்றம் போனால் வழக்கு நிற்காது.